துடக்கும் தொற்றும்

உற்பாலனம். பழைய யாழ்ப்பாணத்து அச்சுப் புத்தகங்களின் தலைப்புகளை நாங்கள் ஒரு நாள் வாசிச்சுக்கொண்டு போகேக்க இந்தச் சொல்லில வந்து முட்டுப்பட்டு நிண்டம். எங்களில் ஒருத்தருக்கும் அதின்ர அர்த்தம் தெரியாது. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1850களில் தமிழில் வெளியிட்ட ஒரு மருத்துவ நூலின் பெயரில் அது வருகிறது: அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். அங்காதிபாதம் எண்டால் உடற்கூற்றியல். சுகரணவாதம் எண்டால் உடற்றொழிலியல். மூன்றாவதாக வாற உற்பாலனம்தான் இண்டைக்கு நாங்கள் சுகாதாரம் எண்டு சொல்லுற விஷயம். கல்வின் கட்டர் என்ற அமெரிக்கர் எழுதின பாடப்புத்தகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ‘ஹைஜீன்’ என்ற சொல்லுக்கு நேராக வைத்தது.

சுத்தம் எண்ட சொல் எங்களிட்ட இருக்கத்தானே இருந்தது, பிறகேன் இப்படியொரு புதுச்சொல்? எங்கட ஊகம் என்னவெண்டால், சுத்தம் என்ற சொல்லுக்கு அப்பவே வேறயொரு உத்தியோகம் இருந்தது. யார் கிணத்தில அள்ளலாம், யார் திண்ணையில இருக்கலாம், யார் தொட்டதை யார் சாப்பிடலாம் எண்டு தீர்மானிக்கிற வேலையை அது பார்த்துக்கொண்டிருந்தது. கிருமியைப் பற்றிக் கதைக்க அது அவ்வளவு தோதான சொல்லில்லை.

நாங்கள் எழுத வந்தது ஆஸ்பத்திரியில் வைத்துத் தொற்றுற வருத்தங்களைப் பற்றியும், அதைத் தடுக்கத் தாதியர் செய்யிற வேலைகள் எப்படி உலகம் முழுக்க ஒரே மாதிரியான நடைமுறையாக மாறின எண்ட வரலாற்றைப் பற்றியும். கால் முறிஞ்சு போறவருக்கு வெட்டுக்காயத்தில் சீழ் பிடிக்கும். சலக்குழாய் போட்டவருக்குச் சிறுநீர்த்தொற்று வரும். கனுலா ஏத்தின இடம் சிவந்து வீங்கும், சில நேரம் அந்த வழியால் கிருமி இரத்தத்துக்குள்ளயே போகும். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிற 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஏதாவதொரு தொற்று வருகிறது. மருந்து தேடிப் போன இடத்தில் வருத்தம் வாங்கி வாறது. இதைக் கலைப்பீடத்துப் பிள்ளையள் ஏன் எழுதுகினம் எண்டு கேட்டால், இது நாங்கள் படிக்கிற விஷயத்துக்குள்ளதான் வந்து விழுகுது: தொடுகை. யார் ஆரைத் தொடலாம் எண்ட கேள்வி.

முதல் துடக்கு. பிள்ளை பிறந்தால் துடக்கு, ஆள் செத்தால் துடக்கு, மாதவிடாய் வந்தால் துடக்கு. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் கிணத்தடியில தோய்ஞ்சுபோட்டுத்தான் வீட்டுக்குள்ள கால் வைக்கலாம். பிறப்புக்கும் இறப்புக்கும் எங்கட பக்கம் பொதுவாக 31 நாள், ஐயர்மாருக்கு அதைவிடக் குறைய. கொரோனா காலத்தில வாட்சப்பில ஒரு செய்தி சுத்தித் திரிஞ்சது ஞாபகமிருக்கோ? துடக்கு எண்டது எங்கட முன்னோர் கண்டுபிடிச்ச தனிமைப்படுத்தல், வெள்ளைக்காரன் இப்பதான் படிக்கிறான் எண்டு. எங்கட வீட்டு குறூப்புகள் எல்லாத்திலயும் வந்தது.

முழுக்கப் பொய் எண்டும் தள்ள ஏலாது. பிள்ளைத்தாச்சியின்ர அறைக்குள்ள ஊர்ச்சனம் முழுக்கப் போய்வராமல் ஒரு மாதம் தடுத்தால் அதில பிரயோசனம் இருக்கத்தான் செய்யும். அம்மாள் வருத்தம் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டினால் பார்க்கிறவன் உள்ளுக்குப் போகமாட்டான். இரத்தமும் பிறப்பும் சாவும் ஆபத்தான இடங்கள் எண்டு எங்கட சனத்துக்கு விளங்கித்தான் இருந்தது.

ஆனால் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கோ. கோப்பாயில் ஒரு பெரியப்பா செத்துப்போனால் ரொறன்ரோவில் இருக்கிற தம்பியின் மகனுக்கும் துடக்கு. அவன் ஊருக்கு வந்து பத்து வருஷம். செய்தி போனது போனில. போனால் தொற்றுற கிருமி உலகத்தில ஒண்டும் இல்லை. அதே நேரம், பெரியப்பாவைக் கடைசி மூண்டு மாதமும் தூக்கிக் கழுவிப் பார்த்த பக்கத்துவீட்டு அக்காவுக்கு 31 நாளும் கிடையாது, ஒரு தோய்ச்சலோட சரி. துடக்கு பயணம் செய்யிறது இரத்த உறவின் வழியால், சாதியின் வழியால். கை வழியால் இல்லை.

அதின்ர போக்குவரத்துத் திசையையும் கவனிக்கோணும். அழுக்கு எப்பவும் கீழயிருந்து மேல போகும் எண்டதுதான் அதின்ர கணக்கு. பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சி அம்பட்டர் சமூகத்தைச் சேர்ந்தவ. துடக்குத் துணி வெளுக்கிறவர் கட்டாடியார். இரத்தத்தையும் மலத்தையும் தொடுகிற வேலை சில சமூகங்களின் தலையில் கட்டப்பட்டது, பிறகு அந்த வேலை செய்யிறதைக் காட்டி அவர்களே அழுக்கு எண்டு சொல்லப்பட்டது. மேல இருக்கிறவரின்ர கையால கீழ இருக்கிறவருக்கு ஏதும் வரும் எண்ட நினைப்புக்கு அந்த ஒழுங்கில இடமே கிடையாது.

இந்த இடத்தில வியன்னாவுக்கு ஒருக்காப் போய்வரவேண்டியிருக்கு. கிறீன் இலங்கைக்குக் கப்பலால் வந்திறங்கினது 1847. அதே வருஷம் வியன்னாப் பொது ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய வைத்தியர் ஒரு கணக்கோட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அங்க இரண்டு பிரசவ வாட்டு. ஒன்றில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்ப்பினம். மற்றதில் மருத்துவிச்சிகள். 1846 இல் வைத்தியர்களின் வாட்டில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலில் செத்தார்கள். மருத்துவிச்சிகளின் வாட்டில் 100க்கு 3 பேர்கூட இல்லை. ஊர்ப்பெண்களுக்கு இது தெரிஞ்சிருந்தது. முதலாவது வாட்டில் போடவேண்டாம் எண்டு காலைப் பிடிச்சுக் கெஞ்சினதாகச் சொல்லுவினம்.

காரணம் பிடிபட்டது ஒரு சாவில். 1847 மார்ச்சில் செம்மல்வைஸின் நண்பரான வைத்தியர் கொலெட்ஷ்கா, பிரேதப் பரிசோதனை நேரம் மாணவன் ஒருவனின் கத்தி கையில் கீறி இறந்தார். அவரின் உடம்பில் கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் செத்த தாய்மாரின் உடம்பில் கண்டவைபோலவே இருந்தன. வைத்தியர்களும் மாணவர்களும் காலமையில் பிணத்தை வெட்டிப்போட்டு அதே கையோட பிரசவ அறைக்குள்ள வருவார்கள். மருத்துவிச்சிகள் பிணம் வெட்டுறதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மே மாதத்திலிருந்து எல்லாரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்கு வரலாம் எண்டு செம்மல்வைஸ் கட்டளை போட்டார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது.

எங்கட கணக்குக்கு இது எப்படிப் பொருந்துதெண்டு பாருங்கோ. படிச்ச கை, பெரிய கை, ஆம்பிளைக் கை சாவைக் கொண்டுவந்தது. மருத்துவிச்சியின்ர கை சுத்தமாக இருந்தது. அழுக்கு மேலயிருந்து கீழ வந்தது.

மேல இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. செம்மல்வைஸின் பதவியை 1849 இல் நீடிக்காமல் விட்டார்கள். 1865 இல் மனநோய்க் காப்பகத்தில், காயத்தில் பிடிச்ச தொற்றாலயே அவர் செத்தார். அமெரிக்காவிலும் இதே கதை. 1843 இல் பொஸ்ரனில் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ், பிரசவக் காய்ச்சலை வைத்தியர்களே வீடு வீடாகக் காவுகிறார்கள் எண்டு எழுதினார். பிலடெல்பியாவின் பெயர்பெற்ற பிரசவ வைத்தியர் சார்ள்ஸ் மெயிக்ஸ் அதுக்குக் கொடுத்த மறுமொழியின் சாரம் இது: வைத்தியர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது. இந்த வசனத்தை இங்கிலீஷில வாசிக்கேக்க எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் மாத்திப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ‘அவை நல்ல ஆக்கள்’ எண்டு எங்கட ஊரில சொல்லுற சொல்லின்ர முழு அர்த்தமும் அதுக்குள்ள இருக்கு.

திரும்ப மானிப்பாய்க்கு வருவம். கிறீன் 1848 இல் அங்க வைத்தியப் பயிற்சியைத் தொடங்கினார். 1860களில் பாடமொழியைத் தமிழுக்கு மாத்தினார். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றி அனுப்பினார். 1857 இல் பிரசவ வைத்தியம் வந்தது. 1867 இல் இரணவைத்தியம், அதாவது அறுவைச் சிகிச்சை நூல். இந்த 1867 எங்களை ஒரு நிமிஷம் நிற்கவைத்தது. கார்போலிக் அமிலத்தால் காயத்தைக் காப்பாத்தலாம் எண்டு ஜோசப் லிஸ்டர் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினதும் அதே 1867. யாழ்ப்பாணத்தில் தமிழில் சத்திரசிகிச்சை படிக்கப் புத்தகம் அச்சான வருஷமும், அந்தப் புத்தகம் மொழிபெயர்க்கப்பட்ட பழைய மூலத்தைக் காலாவதியாக்கிற கட்டுரை வந்த வருஷமும் ஒன்று. கிறீனைக் குறை சொல்லுறதுக்காக இதை எழுதவில்லை. உலகத்தில் எல்லா இடத்திலயும் அப்ப அப்படித்தான். தமிழில் நவீன அறிவு வந்தது பிந்தி எண்டு நினைக்கிற எங்கட தாழ்வுச் சிக்கலுக்கு இது நல்ல மருந்து எண்டதுக்காகச் சொல்லுறம்.

கிறீனின் மாணவர்கள் ஆண்கள். பெண்நோயாளர் பெண்வைத்தியரிடம் போகக்கூடிய நிலை பிறகுதான் வந்தது: 1893 இல் மானிப்பாய்க்கு வந்த ஸ்கொட் தம்பதியில் மனைவி மேரி ஸ்கொட்டும் வைத்தியர். 1890களின் கடைசியில் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது, மேரி, மார்கிரெட் லீச் என்ற சகோதரிகள் காசு சேர்த்தார்கள், வைத்தியர் இசபெல்லா கேர் நடத்தினார். இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்த பாட்டிமார் எங்கட வீடுகளிலயே இருந்தவை.

இந்த ஆஸ்பத்திரிகளோட யாழ்ப்பாணத்துக்குள்ள ஒரு புதுத் தொழில் வந்தது. தாதி. சனத்தின்ர வாயில மிஸி. புதுமை எங்க இருக்கெண்டால், பிள்ளைப்பேறு, இரத்தம், சீழ், மலச்சட்டி, பிணம் எல்லாத்தையும் தொடுகிற வேலை படிச்ச பெண்ணின் சம்பள உத்தியோகமாக மாறினது. முந்தி ஊருக்குள்ள நாலு சமூகங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்திருந்த தொடுகைகள் ஒரே வெள்ளைச் சட்டைக்குள்ள வந்து சேர்ந்தன. சமூகப் புரட்சி எண்டு பெரிசாகச் சொல்லமாட்டம். கழிவறை கழுவுறதும் நிலம் துடைக்கிறதும் தாதியிடம் வரவில்லை, அது சிற்றூழியரிடம் போனது. யாழ் நகரத் துப்புரவு வேலையில் தலைமுறை தலைமுறையாக எந்தச் சமூகங்களின் ஆக்கள் நிற்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வாட்டுக்குள்ள ஒரு கதவு கொஞ்சம் திறந்தது.

வேலை வந்தது சரி, விதி எங்கயிருந்து வந்தது? புளோரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து எண்டு பாடப்புத்தகம் சொல்லும். கிரிமியப் போரில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் 1855 பெப்ரவரியில் 100க்கு 42 ஆக இருந்த சாவு ஜூனில் 2 அளவுக்கு வந்தது. அதுக்குப் பெரிய காரணம் விளக்கேந்தின சீமாட்டியின் கருணை இல்லை. சாக்கடையைத் துப்புரவாக்கினது, காற்றோட்டம் விட்டது, அதையெல்லாம் எண்ணிக் கணக்கு வைத்தது. கணக்கு வைத்த நைட்டிங்கேலை எங்களுக்கு விளக்குத் தூக்கின நைட்டிங்கேலைவிட நல்லாய்ப் பிடிக்குது.

இன்னுமொரு கதையும் உண்டு, இது தாதியரின்ர கை பற்றியது. சத்திரசிகிச்சைக்கு ரப்பர் கையுறை வந்தது நோயாளியைக் காப்பாத்த எண்டுதான் நாங்கள் நினைச்சிருந்தம். இல்லையாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கரோலைன் ஹம்ப்டன் என்ற தாதியின் கைத்தோல் தொற்றுநீக்கி இரசாயனம் பட்டு வெந்துபோனது. அறுவை வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கொம்பனியிடம் சொல்லி 1889-90 அளவில் மெல்லிசான கையுறை செய்வித்தார். பிறகு இரண்டு பேரும் கலியாணம் கட்டினார்கள் எண்டது தனிக்கதை. கையுறையால் நோயாளியின் காயத்தொற்றும் குறையுது எண்டது பின்னாலதான் தெரிஞ்சது.

1950களில் பென்சிலினுக்கு மசியாத ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியா ஆஸ்பத்திரிகளுக்குள் பரவ, 1959 இல் இங்கிலாந்தின் டோர்பே ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டை மட்டும் பார்க்க ஒரு தாதி நியமிக்கப்பட்டார். உலகத்தில் அந்தப் பதவியின் தொடக்கம் அது. எங்கட ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர் எண்டு ஒராள் கோப்போட வாட்டு வாட்டாகத் திரிவா, பார்த்திருப்பியள். அந்தப் பரம்பரை. இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி இதுக்கான கைநூலொன்றை 2005 இல் வெளியிட்டது.

இந்த விதிகளுக்குள்ள எங்களை அதிகம் யோசிக்கவைத்தது ஒன்று. 1980கள் வரைக்கும் ஆஸ்பத்திரிகளில் ‘ஆபத்தான ஆக்கள்’ எண்டு சிலரைப் பிரிச்சு அடையாளம் போட்டார்கள். கட்டிலில் அட்டை தொங்கும். எயிட்ஸ் வந்தபோது அந்த அட்டை என்ன செய்தது எண்டு சொல்லத் தேவையில்லை. ஆனால் அட்டை பிழைக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. ஆர் உடம்பில என்ன இருக்கெண்டு நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே 1987 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழியை மாத்தியது: எல்லாருடைய இரத்தத்தையும் தொற்றுள்ள இரத்தமாகவே கருது. 1996 இல் அது விரிந்து நியம முன்னெச்சரிக்கை ஆனது. கை கழுவல், தேவைக்குக் கையுறை, பாவிச்ச ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் நேரே பெட்டியில் போடுறது, சிந்தின இரத்தத்தைத் துடைக்கிற முறை, எல்லாம் எல்லா நோயாளிக்கும் ஒன்று.

ஆராயிருந்தாலும் ஒன்று. கேட்க வெறும் நிர்வாக விதி மாதிரித்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் நிண்டு வாசியுங்கோ. தேநீர்க்கடையில் சிலருக்குத் தனிப் பேணியும் போத்தலும் வைத்திருந்த ஊர் இது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தும் மாறாமல், 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய், அடிவாங்கி, கடைகளுக்குள்ளயும் கோயில்களுக்குள்ளயும் நுழைஞ்சு எடுத்த உரிமை அது. அந்த ஊரில, ‘எவரைத் தொட்டாலும் ஒரே விதி, தொடமுன்னும் கழுவு, தொட்ட பின்னும் கழுவு’ எண்டு ஒரு காகிதம் வாட்டுச் சுவரில ஒட்டியிருக்கு. அதில தொட்ட பின் கழுவுறது எங்கட சனத்துக்குப் பழக்கம். தொடமுன் கழுவுறதுதான் புதுசு. என்ர கை உனக்கு ஆபத்தாக இருக்கலாம் எண்டு ஒத்துக்கொள்ளுற செயல் அது. துடக்கில அப்படியொரு சடங்கு இருக்கெண்டால் சொல்லுங்கோ.

1987 எண்டு எழுதிப்போட்டுக் கடந்துபோகவும் ஏலாது. அந்த ஒக்டோபர் 21 ஆம் திகதி இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்து சுட்டதில் வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் எண்டு பலர் கொல்லப்பட்டார்கள். வருஷாவருஷம் அங்க விளக்கேற்றுவார்கள். 1990 நவம்பரில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் ஒன்றை ஏற்படுத்தியது. அதே 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நிண்டது, பொருளாதாரத் தடை இறுகினது.

நடைமுறை எண்ட சொல்லை அந்தக் காலத்துக்குள்ள வைத்துப் பார்த்தால்தான் அதின்ர கனம் தெரியும். கை கழுவத் தண்ணி வேணும், தண்ணியை மேல ஏத்த மோட்டர் வேணும், மோட்டருக்கு எரிபொருள் வேணும். கருவிகளை நீராவியில் அவிச்சுக் கிருமி நீக்கவும் அப்படித்தான். டீசல் கிடையாது, மண்ணெண்ணெய் யானைவிலை, வீடுகளில ஜாம் போத்தல் விளக்கு. சவர்க்காரத் தட்டுப்பாட்டில எங்கட அம்மம்மாமார் பனம்பழம் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சவை. போதாக்குறைக்கு எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, இருக்கிற சவர்க்காரமும் லேசில நுரைக்காது. காயக்காரர் வந்து குவிஞ்ச அந்த வாட்டுகளில் நிண்ட தாதியருக்குக் கழுவோணும் எண்டு தெரியாமல் இல்லை. விதி காகிதத்தில் இருக்கிறதும் குழாயில் தண்ணி வாறதும் இரண்டு வேற விஷயம். 2022 நெருக்கடியில் மருந்துக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு வந்தபோது இதையே கொஞ்சம் சின்ன அளவில நாங்களும் கண்டம்.

விதி தன்னுடைய நியாயத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் எண்டதுக்கும் எங்கட நாட்டிலயே உதாரணம் இருக்கு. கொரோனாவில் செத்தவர்களின் உடலை எரிக்கலாம், புதைக்கலாம், இரண்டும் பாதுகாப்பு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இலங்கை அரசு 2020 ஏப்ரலில் எரிக்கத்தான் வேணும் எண்டு வர்த்தமானி போட்டது. நிலத்தடி நீரால் பரவுமாம். முஸ்லிம் குடும்பங்களின் கண்முன்னால, பிறந்து 20 நாளான குழந்தையின் உடல் உட்பட, எரிச்சார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் மாத்தினார்கள், 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தொற்றுத் தடுப்பு எண்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு நிண்டது பழைய துடக்குத்தான்: கிருமியை விட்டுப்போட்டு ஆளைப் பார்க்கிறது. அந்த நேரம் தமிழ்ப் பக்கத்தில் எத்தனை பேர் வாய்திறந்தம் எண்ட கணக்கையும் ஒருநாள் எடுக்கோணும்.

சரி, விதி நல்லது, தண்ணியும் வருகுது எண்டு வைப்பம். பிறகும் ஏன் கை கழுவுறேல்லை? ஜெனீவாவில் டிடியே பிற்றே என்ற வைத்தியரின் குழு 1994 இல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒளிவுமறைவில்லாமல் எண்ணிப் பார்த்தது. கழுவ வேண்டிய நேரங்களில் பாதிக்கும் குறைவாக, 48 வீதம்தான் கழுவினார்கள். தாதியர் 52 வீதம். வைத்தியர் 30. வேலை கூடக் கூடக் கழுவுறது குறைஞ்சது. தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் ஆகக் குறைவு. சோம்பேறித்தனம் இல்லை, நேரம் இல்லை. சவர்க்காரம் போட்டு ஒழுங்காகக் கழுவ 40 இலிருந்து 60 விநாடி போகும், ஒரு மணித்தியாலத்தில் இருபது தரம் கழுவவேண்டி வந்தால் நோயாளியை எப்ப பார்க்கிறது? மதுசாரக் கரைசலைக் கட்டிலோடயே வைத்தார்கள், 20, 30 விநாடியில் முடியும். 1997 இல் கழுவல் 66 வீதமானது. ஆஸ்பத்திரித் தொற்று உள்ளவர்கள் 100க்கு 17 அளவில் இருந்து 10 அளவுக்கு இறங்கினார்கள். கட்டிலடியில தொங்குற அந்தப் போத்தலுக்கு இப்படியொரு வரலாறு இருக்கு. எங்கட பக்கம் நோயாளி பார்க்க வாற ஆக்கள் அதைக் கண்டும் காணாமல், இளனியையும் சூப்புப் பிளாஸ்கையும் வைத்துப்போட்டு நேரே கட்டிலில ஏறி இருப்பினம்.

வைத்தியர் 30, தாதியர் 52 எண்ட அந்த வித்தியாசத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிஞ்ச தாதியியல் மாணவியர் இரண்டு பேரிடம் கேட்டம். சிரிச்சார்கள். சலக்குழாய் போடுற ஒழுங்கு, காயம் கட்டுற ஒழுங்கு எல்லாம் படிப்படியாகச் சொல்லித் தந்து, பரீட்சையும் வைப்பினமாம். ஒரு படி பிசகினால் திரும்பச் செய்யோணும். ‘ஆனால் சேர் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் நாங்கள் என்னெண்டு சொல்லுறது?’ எண்டு ஒராள் கேட்டா. மற்றவ சொன்னா, தான் ஒண்டும் சொல்லாமல் அந்தப் போத்தலைத் தூக்கி அவர் முன்னால நீட்டிக்கொண்டு நிற்பன் எண்டு. சில பேர் வாங்குவினமாம். சில பேர் அவவின்ர முகத்தைப் பார்ப்பினமாம்.

கை கழுவலை எண்ணுறதுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு படிவம் வைத்திருக்கு. எங்களுக்கு அதைக் காட்டினார்கள். ஐந்து சந்தர்ப்பம் அதில இருக்கு: நோயாளியைத் தொடமுன், சுத்தமான சிகிச்சை வேலை ஒன்றுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் கட்டில் மேசையைத் தொட்ட பின். எண்ணுறவர் ஒரு ஓரமாய் நிண்டு, கழுவினாரா இல்லையா எண்டு புள்ளடி போடுவார். ஆட்களின் பெயர் எழுத அதில இடமில்லை. தொழில்வகைக்கு ஒரு இலக்கம் மட்டும்: தாதியும் மருத்துவிச்சியும் 1, உதவியாளர் 2, வைத்தியர் 3, மற்றவர்கள் 4.